சீயோன் ஸ்டோர்ஸில் ஒரு பூதக்கண்ணாடி

ஜெபசிங் அண்ணாச்சி கேட்டது தேடும் வசதியை அல்ல, பூதக்கண்ணாடிப் படத்தை.

முத்தையாபுரத்தில் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமுமாகப் புதிதாக ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்திருந்தார்கள். அவர்களுடைய செயலியில் மேல் மூலையில் சின்னதாக ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. சீயோன் ஸ்டோர்ஸ் செயலியில் அது கிடையாது. அண்ணாச்சி இரண்டு போன்களையும் கல்லாப் பெட்டியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தன் பிள்ளையை மட்டும் டை கட்டாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டது போல இருந்தது அவருக்கு.

“தம்பி, அந்தக் கண்ணாடிய நமக்கும் போட்டுரு. எவ்வளவு நேரம் ஆவும்?”

“படம் போட அஞ்சு நிமிஷம் அண்ணாச்சி. அத அமுக்குனா தேடணும்ல? அதுக்குத்தான் நாளாவும்.”

“தேடட்டும். அதுவும் ஒரு பக்கம் கெடக்கட்டும்.”

இப்படித்தான் ஆரம்பித்தது.

செயலியைச் செய்து கொடுத்த முஆதுக்கு அந்தக் கண்ணாடி வெறும் படம் இல்லை. அவன் காயல்பட்டினத்துக்காரன். துபாயில் ஒரு கம்பெனியில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்துவிட்டு, போதும் என்று ஊர் வந்து சேர்ந்தவன். காயல்பட்டினத்தில் கல்யாணமான ஆண், பெண் வீட்டோடு இருப்பான். அதுவும் பேருக்குத்தான்; சம்பாதிக்க வெளிநாட்டில் இருப்பான். முஆத் பெண் வீட்டில் இருந்தான், வெளிநாட்டில் இல்லை. அங்கேதான் இடித்தது. மாமனார் ஸதக்கத்துல்லாஹ் மருமகனை ஒரு சொல் கடிந்து பேசியவர் அல்ல. “சாப்பிட்டிங்களா மாப்பிள்ளை?” என்று மத்தியானத்தில் விசாரிப்பார், அவ்வளவுதான். அக்கம்பக்கத்து மாமனார்கள் எல்லாம் அந்தக் கேள்வியைப் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்த விசாரிப்புக்குள்ளேயே இருக்கும்.

மகள் கதீஜாவுக்கு இரண்டு வயது. “வாப்பா எங்கே?” என்று கேட்டால் மனைவி ஆஃபியாவின் போனைக் காட்டிக்கொண்டிருந்த பிள்ளை, இப்போதுதான் ஆளைக் காட்டப் பழகியிருந்தது. இந்த நேரம் பார்த்து, ஷார்ஜாவில் தன் கூட்டாளி ஒருவர் விசா வைத்துக்கொண்டு காத்திருப்பதாக மாமனார் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பாஸ்போர்ட் நகலை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, தெற்கு ரோட்டு வியாபாரிகள் சங்கத்துக் கூட்டம். சங்கத்துக்கு ஜெபசிங் அண்ணாச்சிதான் செயலாளர். அவர் கடையில் கண்ணாடி ஒழுங்காக வேலை செய்தால் சங்கத்துக் கடைகள் எல்லாம் முஆதிடம் செயலி செய்துகொள்ளும் என்று அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அத்தனை கடைகள் கையில் இருந்தால் அவனை யாரும் ஷார்ஜாவுக்குப் போகச் சொல்ல மாட்டார்கள். கண்ணாடி தேடினால் ஊர், தேடாவிட்டால் விமானம்.

ஆகவே அவன் பாடுபட்டான். சீனி என்று போட்டாலும் சக்கரை என்று போட்டாலும் ஒரே சாக்கைக் காட்ட வேண்டும். கொச்சையாக எழுதினாலும், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினாலும் புரிந்துகொள்ள வேண்டும். அதுவரை அந்தச் செயலியில் சாமான்கள் கடைத் தட்டுகளின் வரிசைப்படிதான் இருந்தன; வாசலிலிருந்து இடப்பக்கமாகச் சுற்றி வரவேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்டளை. கொசுவத்தி வேண்டுமென்றால் பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாவற்றையும் விரலால் தள்ளித் தள்ளிக் கடந்து போக வேண்டும். பாதி வழியிலேயே பலர் தூங்கிவிடுவார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. அண்ணாச்சி முதலில் உளுந்து என்று போட்டார். முழு உளுந்து, உடைத்த உளுந்து, தொலி உளுந்து, உளுந்த மாவு என்று நான்கும் வரிசையாக வந்து நின்றன.

“ஏ, பாத்தியாவே! என் கடைய நானே இப்பத்தான் ஒழுங்காப் பாக்கேன்.”

சந்தோஷம் தாங்காமல் அவர் அடுத்து ஒரு சோதனை வைத்தார். தன்னிடம் இல்லவே இல்லாத ஒன்று. மூக்கணாங்கயிறு. கண்ணாடி ஒரு கணம் சுழன்றது. பிறகு சுத்தமான தமிழில் எழுத்து வந்தது: நீங்கள் தேடிய பொருள் இல்லை.

அண்ணாச்சி போனைக் கவிழ்த்து வைத்தார். யாரும் பார்த்துவிட்டார்களா என்று வாசலைப் பார்த்தார்.

“என்ன தம்பி இது?”

“உள்ளத உண்டுன்னு காட்டும், மத்ததுக்கு இப்படிக் காட்டும் அண்ணாச்சி.”

“நான் நாசரேத்துக்காரன். சகுனம், நேரம், காலம் ஒண்ணும் பாக்க மாட்டேன். அதெல்லாம் மூடநம்பிக்கை. ஆனா அந்தச் சொல்லு மட்டும் என் கடைக்குள்ள வரப்படாது. எங்க அப்பா காலத்துலேருந்து வந்தது கெடையாது.”

உண்மைதான். சீயோன் ஸ்டோர்ஸில் அரிசி தீர்ந்துபோகும், சீனி தீர்ந்துபோகும், ஆனால் எதுவும் இல்லாமல் போனதே கிடையாது. அண்ணாச்சி “நாளைக்கு வரும்” என்பார். முத்தையாபுரத்தில் எல்லாருக்கும் அதைப் படிக்கத் தெரியும். ஆளின் முகத்தைப் பார்த்துச் சொன்னால் நிஜமாகவே நாளைக்கு வரும். சொல்லும்போது கண் மேல் தட்டுக்குப் போனால் இந்த மாதம் வராது. “நாளைக்குக் கண்டிப்பா வரும்” என்றால் அடுத்த கடைக்குப் போய்விட வேண்டியதுதான். இதில் யாரும் ஏமாந்ததில்லை, யாரும் பொய் சொன்னதுமில்லை.

“அப்ப என்ன போடட்டும் அண்ணாச்சி?”

“நான் என்ன சொல்லுவேனோ அதப் போடு. நாளைக்கு வரும். முடிஞ்சுது.”

முஆத் போட்டான். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் துபாய்க் கம்பெனியில் அவனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்: தேடி வந்தவரை வெறும் சுவரில் கொண்டுபோய் முட்டவிடாதே, பக்கத்தில் ஒரு கதவு வை. அதனால் ‘நாளைக்கு வரும்’ என்பதற்குக் கீழே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான் வைத்தான். ‘சொல்லி வையுங்கள்.’ அதை அழுத்தினால் ஆளின் பெயர், தெரு, வேண்டிய அளவு எல்லாம் அண்ணாச்சியின் போனுக்குப் போய்விடும்.

அண்ணாச்சி பார்த்துவிட்டு, “மரியாதையா இருக்கு” என்றார்.

அண்ணாச்சியின் கண் மேல் தட்டுக்குப் போவதையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சீயோன் ஸ்டோர்ஸ் திறக்காது. திங்கட்கிழமை காலையில் ஷட்டர் பாதி ஏறுவதற்குள் ஜெயபாய் டீச்சர் குனிந்து உள்ளே பார்த்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அண்ணாச்சி போகும் வேதக்கோயிலுக்குத்தான் அவரும் போவார்.

“ஜெபசிங், பட்டர் பேப்பர் எடு. கேக்குக்கு அடியில போடுதது.”

“அது நாளைக்கு வரும் டீச்சர்.” கண் மேல் தட்டுக்குப் போயிற்று.

“அங்கன என்ன பாக்கே? இங்கன பாரு.” டீச்சர் போனை நீட்டினார். “சனிக்கெழம ராத்திரி நீ எழுதியிருக்க, நாளைக்கு வரும்னு. சொல்லி வையுங்கன்னு பச்சையில வேற கேட்டிருக்க. நானும் சொல்லி வச்சேன். மறுநாளு பாத்தா நீ கடையே தொறக்கல. ஆராதனையில ஆம்பிளைங்க பக்கம் உக்காந்து கொட்டாவி விடுத.”

“டீச்சர், அது கடையில சொல்லுத மாதிரிதான…”

“கடையில வாயால சொல்லுத. அது மரியாதைக்கு. கேட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன். இத எழுதிக் குடுத்திருக்கியே! எழுதிக் குடுத்தா அது வாக்கு. பேரக்குழந்தைக்குப் பொறந்தநாளு வியாழக்கெழம. அதுக்குள்ள குடு.”

அவர் நகர்ந்த இடத்தில் மழைக்கோட்டு கேட்டு ஒரு லாரி டிரைவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் துறைமுகக் குடியிருப்பிலிருந்து வந்த சரண்யாதேவி. பூனைத் தீனிக்குச் சொல்லி வைத்திருந்தாளாம்.

“பூனை நேத்தையிலேருந்து வெறும் தயிர்ச்சோறு அண்ணாச்சி, உங்க ஆப்ப நம்பி. என்னையப் பாத்து மொறைக்கி.”

மத்தியானத்துக்குள் இன்னும் பலர். எல்லார் கையிலும் போன், போனில் அண்ணாச்சியின் வாக்கு. மூக்கணாங்கயிறு கேட்டும் ஒருவர் வந்துவிட்டார். அண்ணாச்சி ஒவ்வொருவருக்கும் மேல் தட்டைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒருவரும் அந்தப் பார்வையை மதிக்கவில்லை.

முஆதுக்குப் போன் போயிற்று. அவன் காயல்பட்டினத்திலிருந்து பழையகாயல் உப்பளக் காற்றில் பைக்கை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

“என்ன தம்பி இப்படி எழுதி வச்சிருக்க?”

“நீங்க சொன்னதத்தான அண்ணாச்சி எழுதுனேன்?”

“நான் சொன்னேன். நீ எழுதிப்புட்ட!”

முஆத் ஒவ்வொரு வழியாகச் சொல்லிப் பார்த்தான். ‘நாளைக்கு வரும்’ என்பதை எடுத்துவிட்டுப் பழையபடி உள்ளதை உள்ளபடி போடலாம் என்றான். அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டார். பச்சைப் பொத்தானையாவது எடுக்கலாம் என்றான். நேற்று வரை சொல்லி வைக்கச் சொல்லிவிட்டு இன்றைக்கு எடுத்தால் கடையை மூடிக்கொண்டு ஓடுகிறவன் என்பார்கள், வியாழக்கிழமைக் கூட்டத்தில் எந்த முகத்தோடு போய் உட்காருவது என்றார். அது முஆதுக்கும் உறைத்தது. வியாழக்கிழமை வரை சீயோன் ஸ்டோர்ஸின் பெயர் கெடக்கூடாது. கெட்டால் கெடுவது அண்ணாச்சியின் கடை மட்டும் இல்லை.

“அப்ப என்ன செய்ய?”

“எழுதுனது எழுதுனதுதான். வண்டியில பெட்ரோல் கெடக்கா?”

அன்றிலிருந்து முஆத் செயலி வேலையை விட்டுவிட்டுச் சாமான் தேட ஆரம்பித்தான். தூத்துக்குடிக்குள் போய்ப் பூனைத் தீனி வாங்கினான். மழைக்கோட்டு வாங்கினான். உடன்குடிக்குப் போய் ஒருவர் சொல்லி வைத்திருந்த சில்லுக்கருப்பட்டியை வாங்கி, வெயிலில் இளகாமல் துணியில் பொதிந்து கொண்டுவந்தான். மூக்கணாங்கயிற்றுக்கு, சங்கத் தலைவர் வன்னியபெருமாளின் மாட்டுத்தீவனக் கடையிலேயே போய் நின்றான்.

“காயல்பட்டினத்துல எப்பப்பா மாடு வாங்குன?” என்று கேட்டார் வன்னியபெருமாள்.

“எனக்கில்ல அண்ணாச்சி, ஆப்புல கேட்டிருக்காவ.”

“எந்தக் கடை ஆப்புல?”

முஆத் கயிற்றின் விலையைக் கேட்டான். வன்னியபெருமாள் சிரித்துக்கொண்டே கயிற்றைக் கட்டிக் கொடுத்தார். விஷயம் தெற்கு ரோடு முழுக்கப் போய்விட்டது என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

ரோட்டோடு நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை யாரோ ஒரு குறும்புக்காரன் சீயோன் ஸ்டோர்ஸ் கண்ணாடியில் ‘மழை’ என்று எழுதித் தேடினான். நாளைக்கு வரும் என்று வந்தது. அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டான். இன்னொருவன் ‘குடிதண்ணீர்’ என்று போட்டான். நாளைக்கு வரும். ‘போனஸ்.’ நாளைக்கு வரும். ‘எனக்கு ஏத்த பொண்ணு.’ நாளைக்கு வரும். சொல்லி வையுங்கள். அவன் சொல்லியும் வைத்திருந்தான்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, வந்து குவிந்ததைச் சத்தமாக வாசித்தார்.

“மழை, ரெண்டு கிலோ. ஏலே, இது யாருல இவன்? அரசாங்க வேலை, ஒரு பாக்கெட். மாமியாருக்கு நல்ல புத்தி, கால் கிலோ. கால் கிலோ போதுமாமா இவளுக்கு?”

முஆத் தன் போனில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். செயலியைப் புதிதாக இறக்கிக்கொண்டவர்களின் கணக்கு ஒரே நாளில் ஊரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவன் துபாயில் செய்த எந்தச் செயலிக்கும் இப்படி ஓடியதில்லை. தன் வேலையைப் பார்த்து ஊரே சிரிக்கிறது என்று வெட்கமாகவும் இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமை அவனுக்கே பிடிக்கவில்லை.

வீட்டில் ஆஃபியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே ஒரு யோசனை சொன்னாள்.

“நீங்க முன்னால ஒரு இன்ஷா அல்லாஹ் சேத்துப் போட்டிருந்தா இந்த வம்பே வந்திருக்காது.”

“அண்ணாச்சி நாசரேத்துக்காரரு.”

“அப்ப கர்த்தருக்குச் சித்தமானால்னு போடுங்க. யாரு பேருல போட்டாலும் பாரம் நம்ம தலையிலேருந்து எறங்கிரும்ல?” பிறகு சோற்றைப் பிசைந்தபடியே, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “வியாழக்கெழம நல்லபடியா முடியுமா? வாப்பா பாஸ்போர்ட்டுக்கு நகல் எடுத்தாச்சான்னு காலையிலயே கேட்டாக.”

எடுத்தாகிவிட்டது. அதை அவன் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தான்.

புதன்கிழமை பாக்கியிருந்தது பட்டர் பேப்பர் ஒன்றுதான். கடை கடையாகக் கேட்டாயிற்று. கிடைக்கும் இடம் எது என்று இருவருக்கும் தெரியும். யார் முதலில் சொல்வது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அண்ணாச்சி, சாமான் அடுக்குவது போல் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்.

“அந்தக் கண்ணாடிக் கதவுக்காரன்ட்டயே போய் வாங்கு. சட்டைய மாத்திக்கிட்டுப் போ.”

முஆதை அங்கே யாருக்கும் தெரியாது. இருந்தாலும் சட்டையை மாற்றிக்கொண்டுதான் போனான். குளிர்ந்த காற்றில் பட்டர் பேப்பர் சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு பில் போடும் வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். ஜெயபாய் டீச்சர். அவர் கையிலும் ஒரு பட்டர் பேப்பர்.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீ ஜெபசிங் கடையில கம்ப்யூட்டர் போட்ட பையன்ல? இது யாருக்கு வாங்குத?”

“உங்களுக்குத்தான் டீச்சர்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. தன் கையில் இருந்ததைப் பக்கத்துத் தட்டில் வைத்தார்.

“அப்ப நீ வாங்கிட்டுப் போ. அவன் கடையில கொண்டு வை. நான் மெதுவா நடந்து வந்து அங்கன வாங்கிக்கிடுதேன். பாவம், எழுதிப்புட்டான். வாக்க காப்பாத்தட்டும்.”

அப்படியே நடந்தது. அண்ணாச்சி அந்தச் சுருளை ஒரு பழந்துணியால் துடைத்து, “சொன்னபடி வந்துட்டு பாத்தியளா டீச்சர்” என்று நிமிர்ந்து நின்று கொடுத்தார். “வந்துட்டு, வந்துட்டு” என்று டீச்சர் வாங்கிக்கொண்டார். முஆத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமைக் கூட்டம் வன்னியபெருமாள் கடை மாடியில், புண்ணாக்கு மூட்டைகளுக்கு நடுவில் நடந்தது. முஆத் செயலியின் நன்மைகளை வரிசையாகச் சொல்லத் தயாரித்துக்கொண்டு போயிருந்தான். வீட்டு வாசலுக்குச் சாமான், கணக்கு, சலுகை என்று ஏழெட்டு விஷயம். முதல் விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் வன்னியபெருமாள் கையைத் தூக்கினார்.

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும் தம்பி. சரக்கு தீந்துட்டா என்ன போடுவ? அதச் சொல்லு.”

அவ்வளவுதான். கூட்டம் அங்கேயே நின்றுவிட்டது.

“நாளைக்கு வரும்னு போடப்படாது. ஜெபசிங் பட்ட பாடு போதும்.”

“என் கடையில நான் ‘கேட்டுச் சொல்லுதேன்’ம்பேன். அதப் போடு.”

“அதுக்கும் நாளைக்கே வந்து ‘கேட்டியா’ன்னு நிப்பான்வே!”

பெயிண்ட் கடை மகாராஜா எழுந்தார். “நம்ம பக்கம் எப்பவும் ஒரே பதிலுதான். ‘கம்பெனிக்காரனே நிறுத்திட்டான்.’ அதுக்கு மேல எவனும் கேக்க மாட்டான்.”

“என் கடையில கருவாடு. எந்தக் கம்பெனி நிறுத்துனான்னு போட?”

“பக்கத்துக் கடையில கேட்டுப் பாருங்கன்னு போட்டா என்ன?” என்று ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவர் பக்கத்துக் கடைக்காரர் முகத்தைப் பார்த்தவுடன் உட்கார்ந்துவிட்டார்.

முஆத் ஆஃபியாவின் யோசனையையும் சொல்லிப் பார்த்தான். அண்ணாச்சிக்குக் கர்த்தர் சரி, எனக்குத் திருச்செந்தூர் முருகன் வேண்டாமா என்றார் வன்னியபெருமாள். ஆளுக்கொரு சாமி என்றால் அதற்கு எத்தனை பொத்தான் என்று யாரோ கேட்டார்கள். மூன்று நாள் பைக் ஓட்டிய அலுப்பில் அவனுக்குப் பொறுமை போயிற்று.

“சரக்கு இல்லன்னா இல்லன்னு போடுவோமே அண்ணாச்சி! என்ன கொறைஞ்சிரப் போவுது?”

ஜெபசிங் அண்ணாச்சி மறுபடியும் காதைப் பொத்திக்கொண்டார். கூட்டத்தில் வயதானவர் ஒருவர், “சின்னப் பையன், தெரியாமப் பேசிட்டான்” என்று பொதுவாகச் சொன்னார்.

முஆதுக்குப் புரிந்தது. இனி இழுத்துப் பயனில்லை. “செரி. சங்கத்துக்கு இது வேணுமா, வேண்டாமா? ஒரு பதில் சொல்லுங்க. நான் நாளைக்கு மத்தியானம் ஒருத்தருக்குப் பதில் சொல்லணும்” என்றான்.

“யோசிச்சுச் சொல்லுதோம் தம்பி” என்றார் வன்னியபெருமாள். சொல்லும்போது அவர் கண் மின்விசிறிக்குப் போயிற்று.

ஒரு வாரத்துக்கு முந்தின முஆதாக இருந்தால் “நன்றி அண்ணாச்சி” என்று சந்தோஷமாக இறங்கிப் போயிருப்பான். இப்போது அவனுக்கு அந்தக் கண்ணைப் படிக்கத் தெரியும். அதோடு, இவர்களுடைய இன்னொரு வழக்கமும் தெரியும்.

“அப்படியே ஆகட்டும் அண்ணாச்சி. அத மட்டும் சங்கத்து லெட்டர் பேடுல ஒரு வரி எழுதிக் குடுத்திருங்க.”

ஜெபசிங் அண்ணாச்சி செயலாளர் என்ற முறையில் பேனாவைத் திறந்தார். ‘யோசித்து’ என்று எழுதினார். நிறுத்தினார்.

“யோசிச்சு, என்னைக்குச் சொல்லுதோம்னு எழுத?”

“தேதி எதுக்கு? சும்மா எழுதுவே.”

“சும்மா எப்படி எழுத? எழுதுனா அவன் தேதியில வந்து நிப்பான். நான் இந்த வாரம் பூரா பட்டது தெரியும்ல? நீரு கையெழுத்துப் போடும், நான் எழுதுதேன்.”

வன்னியபெருமாள் கையெழுத்துப் போட முன்வரவில்லை. மகாராஜாவும் வரவில்லை. வாயால் சொல்லியிருந்தால் அந்த நிமிஷத்தோடு முடிந்து டீக்குப் போயிருக்க வேண்டிய விஷயம், எழுத்து என்று வந்ததும் எல்லாரையும் உட்கார வைத்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவர்கள் நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்தார்கள்.

யோசிக்க யோசிக்க, செயலியில் ஒரு குறையும் தென்படவில்லை. பட்டியல் நல்லது. வீட்டுக்குச் சாமான் போவது நல்லது. கண்ணாடிக் கதவுக்காரனுக்குச் சரியாகப் பதில் கொடுக்க அது ஒன்றுதான் வழி. ஜெபசிங் அண்ணாச்சிதான் கடைசியில் விரலை வைத்தார்.

“ஆளு என்ட்ட கேட்டா ஆளுக்குத் தக்க நான் ஒரு பதில் சொல்லிக்கிடுவேன். இது நம்மளக் கேக்காமலே பதில் சொல்லுதுல்லா? அங்கதான் மாட்டிக்கிடுதோம். தேடுத வேலை மட்டும் வேண்டாம்.”

“அப்ப பூதக்கண்ணாடி?” என்று பதறினார் மகாராஜா. “அது இருக்கணும்வே. அது இருந்தாத்தான் ஆப்புன்னு மதிப்பான்.”

கடைசியில் லெட்டர் பேடில் எழுதப்பட்டது இதுதான். ‘முஆத் அவர்கள் செய்யும் செயலியைச் சங்கத்துக் கடைகள் அனைத்தும் வரும் மாதம் முதல் வைத்துக்கொள்வது. பூதக்கண்ணாடி அவசியம் இருக்க வேண்டியது. அதை அமுக்கினால் தேடாமல், கடைக்காரருக்குப் போன் போக வேண்டியது.’ வன்னியபெருமாள் கையெழுத்துப் போட்டு, சங்கத்து முத்திரையும் குத்தினார்.

சீனியையும் சக்கரையையும் ஒன்றென்று அறியும்படி முஆத் பழக்கியிருந்ததெல்லாம் ‘தேடாமல்’ என்ற ஒரு சொல்லில் போயிற்று. அன்று சாயங்காலமே உட்கார்ந்து அதை எடுத்தான். போடுவதற்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது; எடுக்க ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து மாமனார் கூடத்தில் உட்கார்ந்தார். முஆத் அலமாரியிலிருந்து பாஸ்போர்ட் நகலையும், பையிலிருந்து சங்கத்துத் தாளையும் எடுத்துவந்து இரண்டையும் அவர் முன்னால் வைத்தான்.

“நான் போகல மாமா. இங்க வேலை அமைஞ்சிருச்சு.”

அவர் சங்கத்துத் தாளை முத்திரை வரைக்கும் வாசித்தார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

“தேடாமல்னு போட்டிருக்காங்களே மாப்பிள்ளை. நீங்க தேடுறதுக்குத்தானே செஞ்சீங்க?”

“ஆமா மாமா. அத எடுத்துட்டேன். எடுத்ததுக்கு அப்புறந்தான் எல்லாருக்கும் பிடிச்சுது.”

“எடுக்குறதுக்கா துபாயில வேலை கத்துக்கிட்டிங்க?” கதவோரம் நின்ற ஆஃபியாவை அவர் ஒரு பார்வை பார்த்தார். அவள் பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். “சரி, காட்டுங்க. என்னதான் செய்யுதுன்னு பாப்போம்.”

முஆத் போனை நீட்டினான். அவர் ஒரு விரலால், சந்தேகத்தோடு, பூதக்கண்ணாடியை அமுக்கினார். போன் மணி அடித்தது.

“சீயோன் ஸ்டோர்ஸ், சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல, சும்மா பாத்தோம். காயல்பட்டினத்துலேருந்து பேசுறேன், முஆதோட மாமா.”

“அடடா! வாங்க வாங்க. மாமாவா? ஒடம்பெல்லாம் சொகமா இருக்கியளா? சுகர் கிகர் எதும் உண்டுமா?”

“கொஞ்சம் இருக்கு.”

“கவலப்படாதிய. சீனிய விட்டுட்டுக் கருப்பட்டிக்கு மாறிட்டியளா? உடன்குடிச் சரக்கு வந்திருக்கு. உங்க மருமகன்தான் போய்க் கையால பாத்து எடுத்துட்டு வந்தாரு. தங்கமான பையன். வீட்டுல பெருநாள் வட்டிலப்பத்துக்கு என்ன கருப்பட்டி போடுதிய?”

“அது… கடையில கெடைக்கிறது.”

“ஐயையோ, அதுல பாதி சீனிப்பாகு! நான் ரெண்டு கிலோ எடுத்து வைக்கேன். அரிசி எத்தன பேருக்கு? உளுந்து நாலு தினுசு கெடக்கு, எழுதிக்கிடுங்க…”

“இருங்க, இருங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க” என்றார் ஸதக்கத்துல்லாஹ். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார். எழுதத் தாள் தேடிய கை, முன்னால் கிடந்த பாஸ்போர்ட் நகலை எடுத்துத் திருப்பிப் போட்டது. அதன் வெள்ளைப் பக்கத்தில், நல்ல தெளிவான எழுத்தில், கருப்பட்டி ரெண்டு கிலோ என்று எழுதிவிட்டு, “ஆஃபியா, உளுந்து எந்த உளுந்துன்னு கேக்காரு” என்று குரல் கொடுத்தார்.